ஐயத்திற்கே ஹேது வேண்டும்: ஸ்வதஃப்ராமாண்யமும் யதார்த்தக்யாதியும்

விசிஷ்டாத்வைத தர்சனத்தில் ப்ரமேய விசாரத்திற்கு முன்னே ப்ரமாண விசாரம் நிற்கிறது. சித்து, அசித்து, ஈச்வரன் என்னும் தத்த்வங்களை அறுதியிடப் புகுவோர், அவற்றை அறிவிக்கும் கருவிகள் எவை, அக்கருவிகள் தரும் அறிவு எந்த அளவுக்கு நம்பத் தக்கது என்பவற்றை முதலில் தெளிய வேண்டும். அளக்கும் மரக்கால் சரியாக இருந்தாலன்றி அளந்த நெல்லின் கணக்கு நில்லாது. இதனாலேயே ஸ்ரீநிவாஸாசார்யர் இயற்றிய யதீந்த்ரமததீபிகை, தன் பத்து அவதாரங்களில் முதல் மூன்றை ப்ரத்யக்ஷம், அநுமானம், சப்தம் என்னும் ப்ரமாணங்களுக்கே அமைத்துள்ளது. ஸ்வாமி தேசிகனுடைய ந்யாயபரிசுத்தியின் ஐந்து அத்யாயங்களிலும் ப்ரமேயம் ஐந்தாவதாகவே வருகிறது.

இவ்விசாரத்தில் அடிப்படையான வினா ஒன்று உண்டு. ஓர் அறிவு உதித்தவுடனே அதனை மெய்யென்று கொள்ள வேண்டுமா, அன்றி அதனை மெய்யென்று நிறுவும் வேறொரு காரணம் கிடைக்கும்வரை காத்திருக்க வேண்டுமா என்பதே அது. முதலாவதைக் கொண்டால், கயிற்றைப் பாம்பென்று கண்டவனுடைய அறிவும் மெய்யாகிவிடுமே என்னும் இடர் வரும். இரண்டாவதைக் கொண்டால், எந்த அறிவும் ஒருநாளும் நிலைபெறாது என்னும் இடர் வரும். இவ்விரண்டிற்கும் இடமின்றி ஆசார்யர்கள் வகுத்த நெறியே வேதத்தின் ப்ராமாண்யம் முதல் சரணாகதனுடைய விச்வாஸம் ஈறாக அனைத்தையும் தாங்கி நிற்கிறது.

ப்ரமை என்பது யாது

மெய்யறிவுக்கு ப்ரமை என்று பெயர். அதற்குக் கருவியானது ப்ரமாணம். பொருள் உள்ளபடியே நிகழும் வ்யவஹாரத்திற்கு இசைந்த அறிவே ப்ரமை என்று ஸ்வாமி தேசிகன் இலக்கணம் அருளிச்செய்தார். யதீந்த்ரமததீபிகையும் அதனையே கொண்டது. வ்யவஹாரம் என்பது பெயரிட்டு வழங்குதல், எடுத்தல், விடுத்தல் முதலிய நடையாகும்.

இவ்விலக்கணத்தில் 'உள்ளபடியே' என்னும் சொல் மூன்றை விலக்குகிறது. தூணோ மனிதனோ என்று இருபாலும் ஊசலாடும் ஸம்சயம் ஒன்று. பொருள் இன்னதென்று சரியாகக் கண்டும் அதன் தர்மத்தை மாற்றிக் காணும் அந்யதாஜ்ஞானம் மற்றொன்று. வெண்சங்கை மஞ்சள் என்பது போன்றது இது. பொருளையே வேறொரு பொருளாகக் காணும் விபரீதஜ்ஞானம் மூன்றாவது. இது சிப்பியை வெள்ளி என்பது போன்றது. 'இசைந்த' என்னும் சொல்லுக்கும் பயன் உண்டு. குளத்து நீரைக் கண்டவன் தாகமில்லாமையால் இறங்காமலே போகலாம். நடை நிகழாவிடினும், நிகழுமாயின் பொய்த்துப் போகாத தகுதி அவ்வறிவுக்கு உண்டாதலால் அதுவும் ப்ரமையேயாம்.

இங்கே நோக்கத் தக்கது, அறிவின் மெய்ம்மை நடையோடு பிணைத்துச் சொல்லப்பட்டமை. 'பொருளோடு ஒத்த அறிவு' என்ற அளவில் நிறுத்தாமல், உலகில் பொருளைக் கொண்டு ஒழுகும் முறையையும் ஆசார்யர் இலக்கணத்துள் சேர்த்தருளினார். அதன் காரணம் பின்னே விளங்கும்.

நான்கு பக்ஷங்கள்

அறிவுக்கு ப்ராமாண்யம் எங்கிருந்து வருகிறது என்பது பற்றி நான்கு கொள்கைகள் சாஸ்த்ரங்களில் வழங்குகின்றன. ப்ராமாண்யம், அப்ராமாண்யம் இரண்டும் அறிவுக்கு இயல்பிலேயே உள்ளவை என்பர் ஸாங்க்யர். இரண்டும் புறத்திருந்து வருபவை என்பர் நையாயிகர். அப்ராமாண்யம் இயல்பானது, ப்ராமாண்யம் புறத்திருந்து வருவது என்பது பௌத்தர் கொள்கையாகச் சொல்லப்படுகிறது. ப்ராமாண்யம் இயல்பானது, அப்ராமாண்யமே புறக்காரணத்தால் வருவது என்பர் மீமாம்ஸகரும் வேதாந்திகளும். இந்நான்காவதே ஸ்வதஃப்ராமாண்யவாதம்.

நையாயிகர் கூறுவது முதற்கண் பொருத்தமாகவே தோன்றும். தொலைவில் நீரைக் கண்டவன், அருகே சென்று பருகித் தாகம் தீர்ந்தபின்னரே முன் கண்டது மெய் என்று துணிகிறான். ஆகவே பயன் தரும் நடையைக் கொண்டே ப்ராமாண்யம் அறியப்படும் என்பது அவர்கள் வாதம். இதற்கு ஸித்தாந்தி வினவுவது: தாகம் தீர்ந்தது என்பதும் ஓர் அறிவன்றோ? அவ்வறிவு மெய் என்பதை நிறுவுவது எது? மற்றோர் அறிவு என்றால், அதற்கு வேறொன்று, அதற்கும் வேறொன்று எனச் சங்கிலி நீளும், அநவஸ்தை வரும். தாகம் தீர்ந்தமையில் எவருக்கும் ஐயமே எழாது, எனவே அங்கே வேறு சான்று வேண்டா என்று நையாயிகர் விடையிறுத்தால், அவ்விடையே ஸித்தாந்தத்தை நிலைநாட்டும். ஐயம் எழாமை அங்கே போதுமானதாயின், முதலில் நீரைக் கண்ட இடத்திலும் ஐயத்திற்குக் காரணம் இல்லாதபோது அதுவே போதுமானதன்றோ?

இதனால் பெறப்படுவது: நம்புவதற்குத் தனியே ஹேது தேட வேண்டா, ஐயுறுவதற்கே ஹேது வேண்டும். ஹேது இன்றி ஐயுறுவோன் தன் ஐயத்தையும் ஐயுற வேண்டியவனாவான்.

சப்தத்தில் இது மிகத் தெளிவாக விளங்கும். சொற்களின் பொருளைக் குழந்தை கற்கும் முறையை ஸ்ரீபாஷ்யத்தின் ஜிஜ்ஞாஸாதிகரணத்தில் எம்பெருமானார் எடுத்துக்காட்டுகிறார். தாயும் தந்தையும் பிறரும், அம்மை, அப்பன், மாமன், சந்திரன், பசு, பறவை என்று ஒவ்வொன்றையும் விரலால் சுட்டிக் காட்டுகின்றனர். மீண்டும் மீண்டும் அவ்வாறு கேட்ட குழந்தைக்கு, அச்சொற்களைக் கேட்டவுடனே அப்பொருள்கள் தாமே தோன்றலாகின்றன. ஏவல் வாக்கியத்தாலேயே சொற்பொருள் கற்கப்படும் என்னும் ப்ராபாகரர் கொள்கையை விலக்குவதற்காக இது சொல்லப்பட்டது. எனினும் இதில் மற்றோர் உண்மையும் அடங்கியுள்ளது. சுட்டும் விரலை நம்புவதற்குச் சான்று கொடு என்று அக்குழந்தை கேட்குமாயின் ஒரு சொல்லையும் கற்காது. சான்று கேட்கும் மொழியும் அதற்கு வாய்க்காது.

பிழை எவ்வாறு நிகழ்கிறது

அறிவு இயல்பிலேயே மெய்யாயின் ப்ரமம் எவ்வாறு உண்டாகிறது என்பது அடுத்த கேள்வி. இதற்கு எம்பெருமானார் அருளிச்செய்த விடை துணிவானது. அறிவு அனைத்தும் உள்ள பொருளையே பற்றும். இல்லாத பொருளைப் பற்றும் அறிவு என்று ஒன்று இல்லை. இதனை அவர் வேதமறிந்தோர் கொள்கையாகவே எடுத்துரைக்கிறார். இதற்கு யதார்த்தக்யாதி என்றும், ஸத்க்யாதி என்றும் பெயர்.

சிப்பியில் வெள்ளி தோன்றுவது எங்ஙனம்? பூதங்கள் ஒன்றோடொன்று கலந்தே உலகப் பொருள்கள் அமைந்தன என்று உபநிஷத்து த்ரிவ்ருத்கரணத்தைச் சொல்லுகிறது. ஆகவே ஒரு பொருளில் மற்றொன்றின் அம்சமும் உண்டு. சிப்பிக்கும் வெள்ளிக்கும் உள்ள ஒப்புமையே, சிப்பியில் வெள்ளியின் அம்சம் இருப்பதற்கு அடையாளம். கண்ணின் தோஷத்தாலோ தொலைவாலோ சிப்பியின் பகுதி காணப்படாமல், வெள்ளியின் பகுதி மட்டும் காணப்படும்போது, காண்பவன் அதனை எடுக்க விரைகிறான். தோஷம் நீங்கிச் சிப்பியின் பகுதியும் காணப்பட்டபின் திரும்புகிறான்.

இது வாதத்திற்காகப் படைத்துக்கொண்ட கற்பனை அன்று என்பதற்கு வைதிக வழக்கையே பாஷ்யகாரர் சான்றாக்குகிறார். ஸோமக் கொடி கிடைக்காதவிடத்துப் பூதீகத்தைக் கொள்ளும்படி ச்ருதி விதிக்கிறது. பூதீகத்தில் ஸோமத்தின் அவயவங்கள் இருப்பதனாலேயே அது ஸோமத்தின் இடத்தில் நிற்கிறது. வ்ரீஹி கிடைக்காதபோது நீவாரத்தைக் கொள்வதற்கும் இதுவே நியாயம். ஒப்புமை என்பது வெறும் தோற்றமாக இருந்தால் யாகம் எவ்வாறு நிறைவேறும்?

சிப்பியில் வெள்ளி உண்டாயின் அதனைக் கொண்டு வளையல் செய்யலாகாதோ என்று பூர்வபக்ஷி நகைக்கக்கூடும். அதற்கு விடை: எந்த அம்சம் மிகுந்துள்ளதோ அதனாலேயே பொருளுக்குப் பெயரும் வழக்கும் அமையும். சிப்பியில் சிப்பியின் அம்சம் மிகுதி. அதனால் அது சிப்பி என்றே வழங்கப்படுகிறது, சிப்பியின் பயனையே தருகிறது. குறைந்த அம்சத்தைக் கண்டு மிகுந்த அம்சத்திற்கு உரிய நடையை மேற்கொண்டதே பிழை. ப்ரமையின் இலக்கணத்தில் வ்யவஹாரம் ஏன் சேர்க்கப்பட்டது என்பது இங்கே விளங்கும். எல்லா அறிவும் உள்ளதையே பற்றுமாயின், பொருளோடு ஒத்திருத்தல் என்னும் ஒன்றைக் கொண்டு ப்ரமையையும் ப்ரமத்தையும் பிரிக்க இயலாது. நடை பொருந்துகிறதா, பொய்த்துப் போகிறதா என்பதைக் கொண்டே பிரிக்க வேண்டும்.

ஏனைய ப்ரமங்களுக்கும் பாஷ்யகாரர் ஒவ்வொன்றாகக் காரணம் காட்டுகிறார். சங்கு மஞ்சளாகத் தோன்றுவது, கண்ணிலுள்ள பித்தம் கண்ணின் கதிரோடு சென்று சங்கிற் படிவதால்; தோன்றும் மஞ்சள் நிறம் பித்தத்தின் மெய்யான நிறமே. அது மிக நுண்ணியதாதலால் அருகில் இருப்போர்க்குப் புலப்படாது. தன் கண்ணினின்று புறப்பட்டதாதலால் அவனுக்கு மட்டும் புலப்படுகிறது. ஸ்படிகம் செந்நிறமாகத் தோன்றுவது அருகிலுள்ள செம்பருத்திப் பூவின் ஒளியால், அச்செம்மையும் உள்ளதே. சுழலும் கொள்ளிக்கட்டை வட்டமாகத் தோன்றுவது, அது எல்லா இடங்களையும் விரைந்து தொடுவதில் இடைவெளி புலப்படாமையால். சந்திரன் இரண்டாகத் தோன்றுவது, விரலால் அழுத்துதலாலோ திமிர நோயாலோ கண்ணின் கதிர் இரண்டாகப் பிரிந்து தனித்தனியே சென்று பற்றுவதால். கனவிற் காணும் பொருள்களும் பொய்யல்ல. அந்தந்த ஜீவனின் கர்மத்திற்கு ஏற்ப, அவனொருவனே அக்காலத்து மட்டும் அநுபவிக்கும்படி ஈச்வரன் அவற்றைப் படைக்கிறான் என்பது ஸந்த்யாதிகரணத்தின் முடிவு.

இவற்றிற்கெல்லாம் பொதுவான கருத்து ஒன்றே. பிழை என்பது அறிவின் குறைவு. காணவேண்டிய ஒரு பகுதி காணப்படாமல் போயிற்று; கண்ட பகுதி உள்ளதே. தர்மபூதஜ்ஞானம் விரியவும் சுருங்கவும் வல்லது என்னும் தத்த்வத்தோடு இது நன்கு பொருந்துகிறது. பத்தனுடைய ஜ்ஞானம் கர்மத்தால் சுருங்கியிருக்கிறது. இந்த்ரியங்களின் வழியாகச் சிறிதளவே வெளிச்செல்கிறது. முக்தனுக்கு அச்சுருக்கம் இல்லையாதலால் பிழையும் இல்லை. விளக்கைக் குடத்துள் வைத்தால் ஒளி சுருங்கும். ஒளி இருளாக மாறாது.

இவ்வளவு முயற்சி எதற்கு

சிப்பியும் வெள்ளியும் பற்றி இத்தனை நுணுக்கம் வேண்டுமோ எனலாம். இதில் ஊசலாடுவது சாஸ்த்ரத்தின் நிலையே ஆகும்.

அநாதியான அவித்யையால் இவ்வுலகம் தோன்றுகிறது. பேதத்தைக் காட்டும் ப்ரத்யக்ஷம் அத்தோஷத்தில் வேர் கொண்டது. ஆகவே பேதத்தை மறுக்கும் சாஸ்த்ரம் ப்ரத்யக்ஷத்தை பாதிக்கும் என்பது அத்வைதிகள் பக்ஷம். இதற்கு எம்பெருமானார் வினவுவது: சாஸ்த்ரமும் எழுத்து, சொல், வாக்கியம் என்னும் பேதங்களால் ஆனதன்றோ? அதனை ஓதுவோன், கேட்போன் என்னும் பேதமும் உண்டன்றோ? அதுவும் அதே தோஷத்தில் வேர் கொண்டதாயின், ஒன்றை மற்றொன்று எவ்வாறு பாதிக்கும்?

பொய்யிலிருந்தும் மெய் விளையக் காண்கிறோமே, பொய்ப்பாம்பைக் கண்டவனுக்கு மெய்யான அச்சம் பிறக்கிறதே என்று பூர்வபக்ஷி திருஷ்டாந்தம் காட்டுவர். பாஷ்யகாரர் அதனை அழகாகப் பிரித்துக் காட்டுகிறார். அச்சத்திற்குக் காரணம் பாம்பு அன்று. பாம்பு என்னும் அறிவு. அவ்வறிவு மெய்யாகவே உண்டாயிற்று. மெய்யான அறிவிலிருந்து மெய்யான அச்சம் பிறந்தது. பொய்யிலிருந்து எதுவும் பிறக்கவில்லை. ஏட்டில் வரைந்த கோடு எழுத்தொலியை அறிவிப்பதும் இத்தகையதே. கோடு உள்ளது; இக்கோடு இவ்வொலிக்கு அடையாளம் என்னும் ஸங்கேதமும் உள்ளது. பொய்யானது மெய்யை அறிவித்தமைக்கு ஓர் எடுத்துக்காட்டும் எஞ்சவில்லை.

ஐயத்தின் இரண்டு ஹேதுக்கள்

ப்ராமாண்யம் இயல்பானதாயின் அதனை விலக்குவது எது? பாதகஜ்ஞானம், காரணதோஷஜ்ஞானம் என இரண்டே என்பது ஸித்தாந்தம். முன்னறிவை மறுக்கும் வலிய அறிவு பின்னே தோன்றுதல் ஒன்று. அறிவைத் தந்த கருவியிலேயே குறை இருப்பது தெரியவருதல் மற்றொன்று.

இரண்டாவது எத்துணை வலியது என்பதை ஸ்ரீபாஷ்யம் இரு திருஷ்டாந்தங்களால் காட்டுகிறது. கயிற்றைப் பாம்பென்று அஞ்சி நிற்பவனிடம் ஒருவன் வந்து, இது பாம்பன்று, அஞ்சவேண்டா என்கிறான். சொன்னவனும் மயங்கியவன் என்பது அஞ்சியவனுக்கு முன்பே தெரியும். அச்சொல் உண்மையேயாயினும் அவனது அச்சம் நீங்குவதில்லை. சொல்லும் கருவி தோஷமுள்ளது என்று தெரிந்தபின், அது சொல்லும் மெய்யும் பயன்படாது. சாஸ்த்ரம் அவித்யாமூலம் என்று முதலில் கற்பித்துவிட்டுப் பின்பு அச்சாஸ்த்ரத்தாலேயே ஸம்ஸாரபயம் நீங்கும் என்பவர்க்கு இது நேரே பொருந்தும்.

மற்றது மலைக்குகையில் வாழும் மக்களைப் பற்றியது. அவர்கள் எல்லோர்க்கும் திமிர நோய் உண்டு. எல்லோரும் சந்திரனை இரண்டாகவே காண்கின்றனர். நோயில்லாதவர் எவரும் அங்கே செல்லாமையால், சந்திரன் ஒன்றே என்று மறுக்கும் அறிவு அவர்களுக்குத் தோன்றுவதே இல்லை. மறுக்கப்படாமையால் அவர்கள் அறிவு மெய்யாகிவிடுமோ? ஆகாது. கண்ணில் தோஷம் இருத்தலே அதனை அப்ரமாணமாக்கப் போதுமானது. எனவே, சாஸ்த்ரஜன்யமான அறிவுக்குப் பின்னே பாதகம் தோன்றாமையால் அது மெய் என்று வாதிப்பதும், அதன் மூலத்தை தோஷமுள்ளதாக ஒப்புக்கொண்டவர்க்கு உதவாது. பலர் ஒரே படியாகக் காண்பதும், நெடுங்காலம் மறுப்பின்றி நிற்பதும் தம்மளவில் போதிய காவல் அல்ல என்பது இதனால் தெளிவாகிறது.

இங்கே ஸ்வதஃப்ராமாண்யம் எளிதில் நம்பும் பேதைமை அன்று என்பது விளங்கும். வாயிலைத் திறந்தே வைத்திருக்கும் இல்லம் போன்றது அது. ஆயினும் வாயிலில் இரண்டு காவலர் உண்டு. காவலர் தடுக்கும்போது காரணம் காட்டவேண்டும். காரணம் காட்டாமல் எல்லோரையும் தடுப்பவன் காவலன் ஆகான்.

அந்தந்த ப்ரமாணத்திற்கு அதனதன் விஷயம்

அவ்வாறாயின் ப்ரத்யக்ஷமும் சாஸ்த்ரமும் மாறுபட்டால் எதனைக் கொள்வது? இரண்டும் இயல்பாகவே ப்ரமாணங்கள் ஆதலால், உண்மையில் அவை மாறுபடா. மாறுபாடாகத் தோன்றுமிடத்து, எது வேறு வகையாலும் பொருந்தத் தக்கதோ அது இடம் கொடுக்கும் என்பது நியாயம். விளக்கின் சுடர் மாலை முதல் ஒன்றாகவே இருப்பதாகக் கண் காட்டுகிறது. எண்ணெயும் திரியும் கணந்தோறும் குறைவதனால் சுடர்கள் பல என்று அநுமானம் காட்டுகிறது. இங்கே அநுமானம் வெல்வது அது அநுமானம் என்பதனால் அன்று. சுடர்கள் இடையறாது தொடர்வதும் ஒன்றையொன்று ஒத்திருப்பதும் ஒன்றென்னும் காட்சிக்குக் காரணமாகக்கூடும். ஆதலால் அக்காட்சி வேறு வகையாலும் பொருந்துகிறது.

அநுமானத்திற்கும் எல்லை உண்டு. உலகம் காரியமாதலால் அதற்குக் கர்த்தா ஒருவன் உண்டு என்று அநுமானித்தே ஈச்வரனை ஸாதிக்கலாம் என்பாரை, சாஸ்த்ரயோனித்வாதிகரணத்தில் எம்பெருமானார் மறுக்கிறார். மாளிகையும் கோபுரமும் பலர் கூடிப் பல காலத்தில் கட்டுவன. உலகையும் அவ்வாறே பலர் பல காலங்களில் ஆக்கினர் என்று ஏன் கொள்ளலாகாது? கர்த்தா எங்கும் உடலோடு கூடியவனாகவே காணப்படுதலால், உலகின் கர்த்தாவும் கர்மவசப்பட்ட உடலுடையவன் என்று ஏன் கொள்ளலாகாது? கண்டதைக் கொண்டு காணாததை அளப்பது அநுமானத்தின் இயல்பு. கண்டவற்றினும் முற்றும் வேறானவனை அதனால் அளக்க முடியாது. பரமபக்தர் ஒருவர் ஈச்வரனுக்கு ஆதாரமாகக் காட்டப்படும் யுக்திகளைத் தாமே மறுத்தருளியது வியப்பாகத் தோன்றலாம். முடிவு உயர்ந்தது என்பதனால் குறையுள்ள ஹேதுவை அதற்குத் துணையாகக் கொள்ளலாகாது என்பதே இதன் கருத்து. ஈச்வரனை அறிவிப்பது சாஸ்த்ரம் ஒன்றே என்னும் நிலை இதனால் உறுதியாகிறது.

அவ்வாறாயின் எந்த நூலும் தன்னளவில் ப்ரமாணமாகிவிடாதோ என்னும் வினா எழும். இதனை ஆளவந்தார் ஆகமப்ராமாண்யத்தில் ஆராய்ந்தருளினார். புருஷன் சொன்ன வாக்கியமாதலால் பாஞ்சராத்ரம் ஐயத்திற்குரியது என்பது மீமாம்ஸகர் ஆக்ஷேபம். ஆளவந்தார் அதற்கு இறுத்த விடையும் மேற்கண்ட நெறியிலேயே செல்கிறது. புருஷவாக்கியம் ஐயத்திற்குரியதாவது, புருஷனுக்கு உள்ள அஜ்ஞானம், மறதி, வஞ்சனை முதலிய தோஷங்களால். புருஷன் சொன்னான் என்பது மட்டுமே தோஷமாகாது. ஸர்வஜ்ஞனும் பரமகாருணிகனுமான பகவான் வக்தாவாக இருக்குமிடத்து அத்தோஷங்களுக்கு இடமில்லை. ஆகவே ஐயத்திற்கு ஹேதுவும் இல்லை. வேதத்திற்கோ வக்தாவான புருஷனே இல்லாமையால் தோஷம் நுழைய வாயிலே இல்லை. இவ்விரண்டிலும் சேராத நூல்கள் வக்தாவின் தோஷத்தாலும் வேதவிரோதத்தாலும் சோதிக்கப்படவேண்டும். ப்ரஹ்மஸூத்ரத்தின் இரண்டாம் அத்யாயத்து இரண்டாம் பாதத்தின் இறுதியதிகரணத்தில், பாஞ்சராத்ர ப்ராமாண்யத்தை ஸ்தாபிக்கும் பாஷ்யகாரரும் ஆளவந்தார் வகுத்த அந்நெறியையே பின்பற்றினார்.

மஹாவிச்வாஸத்தின் அடி

இத்தனை நேரமும் தர்க்கமாக நடந்த விசாரம், முமுக்ஷுவின் வாழ்வில் வந்து முடியுமிடம் ஒன்று உண்டு. ப்ரபத்தியின் அங்கங்களுள் மஹாவிச்வாஸம் ஒன்று. எம்பெருமான் தவறாமல் காப்பான் என்னும் அசையாத துணிபு அது. ஆதாரத்தை எதிர்நோக்காமல் கண்ணை மூடிக்கொண்டு நம்புவதே விச்வாஸம் என்று சிலர் கருதுவர். சான்று முழுவதும் கைக்கு வந்தபின் நம்புவதே அறிவுடைமை என்று வேறு சிலர் கருதுவர். ஸம்ப்ரதாயம் இவ்விரண்டையும் கொள்ளவில்லை.

ஸ்வாமி தேசிகன் ரஹஸ்யத்ரயஸாரத்தின் பரிகரவிபாகாதிகாரத்தில், விச்வாஸத்தைக் குலைக்கும் ஐயங்களை மறைக்காமல் தாமே எடுத்துரைக்கிறார். ஸர்வேச்வரன் அணுகுதற்கு அரியவன் அல்லனோ, கர்மத்திற்கு ஏற்பப் பலன் அளிப்பவன் இத்தனை குற்றங்களுக்குப் பின் பெரும்பலன் அளிப்பானோ, இச்சிறு செயலுக்கு அப்பலன் தகுமோ, விரைவில் அளிப்பானோ, தரம் பாராமல் அளிப்பானோ என்பவை அவை. இவற்றை நீக்குமிடத்து, ஐயுறாதே என்று ஆணையிட்டு அமையவில்லை. பிராட்டியின் புருஷகாரம், சேஷசேஷிகள் என்னும் ஸம்பந்தம், காருண்யம் முதலிய குணங்கள், ப்ரபத்தி என்னும் வ்யாபாரத்தின் தன்மை, ஈச்வரன் இதனைத் தன் பேறாகவே கொள்ளும் ப்ரயோஜனம் ஆகிய விசேஷங்களைச் சாஸ்த்ரத்தினின்றும் காட்டி, ஒவ்வோர் ஐயத்தின் ஹேதுவையும் வேரோடு களைகிறார்.

ஐயத்திற்கு ஹேது வேண்டும் என்னும் ப்ரமாண நெறியும், ஐயத்தின் ஹேதுவைக் களைந்தால் விச்வாஸம் தானே நிற்கும் என்னும் ரஹஸ்ய நெறியும் ஒன்றே. விச்வாஸம் புறத்திருந்து கொண்டுவந்து நெஞ்சிற் புகுத்தவேண்டிய பொருள் அன்று. சாஸ்த்ரஜன்யமான ஜ்ஞானத்தில் அது இயல்பாகவே உள்ளது. தடை நீங்கினால் வெளிப்படும். ஜ்ஞானத்தில் விச்வாஸம் இயல்பாக உறைகிறது என்று கூறுவோர், அதன் மூலமான ஜ்ஞானம் இயல்பிலேயே மெய் என்பதை முதலில் நிலைநாட்டியிருக்க வேண்டும். சிப்பியிலும் பூதீகத்திலும் மஞ்சட் சங்கிலும் பாஷ்யகாரர் பட்ட ச்ரமத்தின் பயன் அதுவே.

ஐயம் எழுந்தவனைப் பழிப்பதும் இந்நெறிக்குப் பொருந்தாது. அவனது ஐயத்திற்குப் பாதகம் ஹேதுவா, காரணதோஷம் ஹேதுவா என்று கேட்டறிந்து, அந்த ஹேதுவுக்கு விடை தருவதே ஆசார்யர்கள் காட்டிய வழி. ஹேது இல்லாத ஐயம் விசாரத்தில் தானே அடங்கும். ஹேது உள்ள ஐயத்தை விசாரமின்றி அடக்க முற்பட்டால் அது உள்ளே நின்று வளரும். பூர்வபக்ஷத்தை அதன் முழு வலிமையோடு எடுத்துரைத்த பின்னரே ஸித்தாந்தம் சொல்லுவது பாஷ்யங்களின் முறையாக இருப்பதும் இதனாலேயே ஆகும்.